காப்பு கட்டிய வாரம்

ஜூலை 16, புதன்

வெயில். நாளை ஆடி பிறக்கிறது, காற்றைக் காணோம். எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல்தான் வருகிறது. மாடியில் காயப்போட்ட வெள்ளைப் புடவை வேறு நிறத்தில் இறங்கியது.

பள்ளியில் சத்துணவுக்கு வந்த முட்டை பாதி உடைசல். வண்டிக்காரனிடம் சத்தம் போட்டேன். "நானா மேடம் முட்ட உட்டேன்?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மதியம் மலர் போன், தம்பி பெண்டாட்டி. தம்பி தேசு குடித்துவிட்டுக் காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தானாம். காதர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் காத்திவாக்கம் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். காதர் வண்ணாரப்பேட்டையில் போட் இன்ஜின் மெக்கானிக். தேசுவுக்குச் சின்ன வயதிலிருந்து தோஸ்து. அவர் இல்லாவிட்டால் என் தம்பி என்றைக்கோ லாரி சக்கரத்தில் போயிருப்பான்.

தடைக்காலம் முடிந்து எல்லா போட்டும் கடலுக்குப் போய்விட்டது. தேசுவை மட்டும் ஓனர் ஏற்றவில்லை. "கை ஆடுது, ஸ்டீரிங்க எப்டி குடுக்குறது?" என்றாராம். விசைப்படகு ஓட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இதே ஓனர்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் எழுந்ததும் கை நடுக்கம். சட்டைப் பட்டனை மலர் போட்டுவிடுகிறாள். ஒரு கட்டிங் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். அப்புறம் ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாலும் கோர்ப்பான்.

மலர் போன வாரம் தனியாகப் போய் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வேண்டாம், கூட்டி வாருங்கள், சேர்த்துக்கொண்டு மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றாராம். அதை என்னிடமும் காதரிடமும் மட்டும் சொன்னாள்.

காதரின் யோசனை: ஞாயிறன்று எல்லாரும் மலர் வீட்டில் உட்கார்ந்து அவனிடம் பேச வேண்டும். அவர் மச்சானை அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்களாம். நான் போட்ட நிபந்தனைகள்:

திட்டக் கூடாது (எனக்கு).
பழங்கதை எடுக்கக் கூடாது (பெரியண்ணனுக்கு).
அழுகை வந்தால் அடுப்படிக்குப் போய்விட வேண்டும் (மலருக்கு).

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனையில் கூழ். உப்பு போட மறந்திருக்கிறார்கள்.

பெரியண்ணன் எத்திராஜிடம் போனில் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். அண்ணன் காத்திவாக்கம் அம்மன் கோயில் விழாக் கமிட்டியில் இருக்கிறார். ஆடி வந்தால் அவர் பேச்சே மைக்கில் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

"ஆஸ்பத்திரில போட்டா பைத்தியக்கார வார்டுன்னு பேசுவானுங்க. வயசுப் பொண்ணு கீது. நாளைக்கு எவன் வருவான்? ஆத்தா கிட்ட காப்பு கட்டிக்கட்டும். காப்பு கட்டுனவன் எவனாவது குடிச்சிப் பாத்துக்கீறியா நீ?"

பார்த்ததில்லைதான். பக்கத்துத் தெரு ஆசாமி போன வருஷம் கட்டினான். விழா முடியும்வரை ஒரு சொட்டு தொடவில்லை. முடிந்த மறுநாள் தொட்டான், அது வேறு கதை.

என் வீட்டுக்காரருக்கு மணலியில் இரட்டை ஷிப்ட். கேரியரில் போட்டுக் கொடுத்த கத்தரிக்காய் அப்படியே திரும்பி வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

பேசிவிட்டோம்.

மலர் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள், அவனுக்குப் பிடிக்கும் என்று. பத்து மணிக்கே போய்விட்டேன். எல்லாரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "இன்னா, எனக்குப் பொண்ணு பாக்க வந்துக்கீறீங்களா?" என்று சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை.

காதர்தான் ஆரம்பித்தார். "மாமு, நடுக்கடல்ல இன்ஜின் நின்னுப் போச்சு, நீதான் என்னிய கரைக்கு இட்டுனு வந்த. இப்ப நீ நின்னுப் போயிகீற. எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியல." அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

பெரியண்ணன் பழங்கதை எடுத்தார். கண்ணால் அடக்கினேன். நான் பேசும்போது திட்டவில்லை. திட்டாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மலர் வாயைத் திறந்தாள், சொல்ல முடியாமல் அடுப்படிக்குப் போனாள்.

தேசுவுக்குக் கோபம் ஏறியது. "நான் எவன் வூட்ல போயி கையேந்துனேன்? கலீஜ் பண்றீங்களா எல்லாரும் சேந்து?" என்று எழுந்தான். சட்டையை எடுத்தான். கை நடுக்கத்தில் போட முடியவில்லை.

அப்போதுதான் பவி பேசினாள். அவன் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். சுவரில் சாய்ந்தபடி, பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"நீ வர்ற செருப்பு சத்தம் கேட்டா நான் தூங்குற மாதிரி படுத்துக்குவேன்பா. சின்னப் புள்ளைலேர்ந்து. நீ வந்து பாத்துட்டு, பொண்ணு தூங்கிடுச்சின்னு சொல்லிட்டு போவ. ஒரு நாளும் நான் தூங்கல. எனக்கு நெசமா தூங்கணும்பா."

தேசு அப்படியே தரையில் குந்திவிட்டான். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அப்பா செத்த அன்று. நிபந்தனை எல்லாம் காற்றில் போயிற்று, எல்லாரும் அங்கேயே அழுதோம்.

பிறகு சொன்னான்: "வுட்டுடறேன். இன்னா பண்ணணும் சொல்லுங்க."

காதர் ஆஸ்பத்திரி என்றார். பெரியண்ணன் காப்பு என்றார். தேசு என்னைப் பார்த்தான். "ஆஸ்பத்திரி வாணாங்க்கா. ஆத்தாவுக்குத்தான் பயந்துனு இருப்பேன். டாக்டருக்கு எவன் பயப்படுவான்?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் காப்பு என்றேன்.

நெத்திலியை அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் லேசான தூறல். கோயிலில் காப்பு கட்டினார்கள். அம்மனுக்கு முதலில், பிறகு ஞாயிற்றுக்கிழமை தீ மிதிக்கப் போகிறவர்களுக்கு. தேசு நேற்று ராத்திரி கடைசியாகக் குடித்தான். இன்றைக்கு மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு களையாக இருந்ததில்லை.

பெரியண்ணன் மைக்கில் விதிகளைச் சொன்னார். வெளியூர் போனால் ராத்திரிக்குள் திரும்ப வேண்டும். யார் வீட்டிலும் கவிச்சி கூடாது. காப்பு அவிழ்க்கும்வரை சாவு, தீட்டு எதுவும் தெருவுக்குள் வரக் கூடாது. மீனவர் தெருவில் கருவாட்டு வாசனை இல்லாத ஒரு வாரம்! மூக்குக்கே ஊர் மாறிப்போன மாதிரி இருந்தது.

தேசுவின் கை ரொம்ப ஆடியது. தீர்த்தம் வாங்கும்போது பாதி சிந்தியது. பூசாரி, "உள்ள கீற கெட்டது வெளிய போவுதும்மா, ஆடட்டும்" என்றார். எங்கள் எல்லாருக்கும் அதைக் கேட்க நன்றாக இருந்தது.

காதர் வாசலோடு நின்றார். "சுகுணாக்கா, டாக்டர் சொன்னத கொஞ்சம் யோசிங்க" என்றார். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றேன்.

திரும்பும்போது எனக்கும் மலருக்கும் பூ வாங்கினேன். மலர் எப்போது கடைசியாகப் பூ வைத்தாள் என்று நினைவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 23, புதன்

புழுக்கம். பள்ளியில் பருப்பு மூட்டையில் பூச்சி. திருப்பி அனுப்பினேன்.

மலர் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போன். தேசு தூங்கவே இல்லை. வேர்த்துக் கொட்டுகிறது, வாந்தி. இட்லி தண்ணீர்கூட நிற்கவில்லை. போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, ஒரே ஒரு மூடி. மருந்து மாதிரி. உள்ள என்னமோ பண்ணுதுக்கா. பயமா கீது."

"காப்ப கட்டிகினு கேக்குற வார்த்தையாடா இது?"

"சரிக்கா" என்றான்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மலரிடமும் சொன்னேன், கெஞ்சுவான், இறங்கிவிடாதே, இதுதான் கடைசிக் கஷ்டம் என்று. காதர் போன் செய்தார், எடுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

பள்ளி முடிந்து காலடிப்பேட்டையில் பஸ் பிடித்து நேரே காத்திவாக்கம். தெருவில் திரும்பும்போதே பம்பைச் சத்தம். மலர் வீட்டு வாசலில் கூட்டம். எனக்கு உயிரே போயிற்று. யாரோ கையைப் பிடித்து, "உன் தம்பி மேல ஆத்தா எறங்கிட்டா, உள்ள போ!" என்றார்கள்.

தேசு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். உடம்பு முழுக்க ஆட்டம். கண் எங்கேயோ நிற்கிறது. இரண்டு கையாலும் இல்லாத வலையை இழுத்துக்கொண்டிருந்தான். "கனமா கீதுப்பா. அந்தாண்ட நீ புடி. வுடாத, வுடாத" என்று எங்கள் அப்பாவிடம் பேசினான். அப்பா போய் எத்தனையோ வருஷம். அமாவாசையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அம்மன் வந்துவிட்டாள் என்று பெரியண்ணன் சத்தமாக அழுதார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். குலவை.

மீன் விற்கும் கோட்டீஸ்வரி முன்னால் வந்து, "எம்புள்ள சிங்கப்பூர் போவானா ஆத்தா?" என்று கேட்டாள். "வருது, பெரிய அலை வருது" என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியண்ணன் தம்பியின் காலில் விழுந்தார். நானும் விழுந்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். பாதம் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. அம்மன் சூடு என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பவி மட்டும் கதவோரத்தில் கைகட்டி நின்றாள். கிட்டே போனதும் என் காதில் சொன்னாள்: "அத்தை, அப்பாவுக்கு என்னிய யாருன்னு தெரியல. ரெண்டு வாட்டி பேரு கேட்டாரு."

"சாமி வந்தா அப்படித்தான்டி" என்றேன்.

எங்கள் வீட்டைத் தேடி அம்மன் வந்தாள். குடிகாரன் வீடு என்று இனிமேல் யார் சொல்வார்கள்?

ஜூலை 25, வெள்ளி

ஆஸ்பத்திரி. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிகாலையில் வலிப்பு. நுரை. பவி யாரையும் கேட்காமல் காதருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் வந்து தூக்கினார். பெரியண்ணன் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாராம்.

டாக்டர் சின்னப் பெண். பவியைவிடக் கொஞ்சம்தான் பெரியவள்.

"கடைசியா எப்ப குடிச்சார்?"

"திங்கக்கெழம மேடம். அப்புறம் தொடல. காப்பு கட்டிக்கீறாரு" என்றாள் மலர். பெருமையாகத்தான் சொன்னாள்.

"அதான்மா பிரச்சினை. தினமும் காலைலேர்ந்து குடிச்ச உடம்பு. ஒரே நாள்ல நிறுத்தினா மூளை தாங்காது. நடுக்கம், ஜுரம், இல்லாத ஆள் தெரியறது, இப்ப வலிப்பு, எல்லாம் அதனாலதான். மருந்து குடுத்து நாங்க நிறுத்தியிருப்போம். நேத்தே கூட்டிட்டு வரக் கூடாதா? யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

மலர் என்னைப் பார்த்தாள். இவள்தான் வேண்டாம் என்றாள் என்று சொல்லியிருக்கலாம்.

நேற்று நாங்கள் கும்பிட்டது அம்மனை இல்லை. என் தம்பி எங்கள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தான், நாங்கள் அவனிடம் குறி கேட்டோம்.

கை காலைத் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை, வலது கைதான் சரிப்படும் என்று நர்ஸ் காப்பில் கத்தரிக்கோலை வைத்தாள். பெரியண்ணன் ஓடி வந்து, "ஐயோ, காப்ப வெட்டக் கூடாதும்மா, தெய்வக் குத்தம்" என்றார்.

"வெட்டுங்க சிஸ்டர்" என்றாள் மலர். அவள் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

ஜூலை 26, சனி

வாங்க வேண்டியவை: டயபர், தண்ணீர் பாட்டில், பவிக்கு நாஸ்டா, போன் சார்ஜர். லீவு சொல்ல வேண்டும்.

நிமோனியாவும் சேர்ந்துவிட்டதாம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். ஒரு ஆள் மட்டும் உள்ளே போகலாம். மலர் என்னைப் போகச் சொன்னாள். கோபம் இருந்தும் சொன்னாள்.

கண் திறந்திருந்தான். என்னைத் தெரிந்தது. "அக்கா" என்றான். இடது கைக் கட்டை மட்டும் அவிழ்த்திருந்தார்கள், அந்தக் கையால் வலது மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். காப்பைத் தேடுகிறான் என்று எனக்குப் புரியவே நேரம் ஆயிற்று.

"ஏன்க்கா அவுத்தீங்க? நான் குடிக்கலக்கா. ஆத்தா சத்தியமா குடிக்கல."

"தெரியும்டா. நீ குடிக்கல. ஊசிக்காக அவுத்தாங்கடா."

நம்பவில்லை. "பவி கிட்ட சொல்லு, நான் குடிக்கலன்னு."

வெளியே வந்து பவியிடம் சொன்னேன். தலையாட்டினாள். காதர் கீழே டீக்கடையில் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். நானும் தெரியாத மாதிரி திரும்பிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

தேசு போய்விட்டான். காலையில்.

எழுத வரவில்லை. ஆனாலும் இதை எழுதாமல் விட மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். காப்பு கட்டிய தெரு. சாயங்காலம் தீமிதி. பிணம் நுழைந்தால் விழா நின்றுவிடும், ஊருக்கு ஆகாது. கமிட்டி ஆட்கள் அண்ணனைத்தான் பேச அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடப்பிறந்தவனுக்குக் கமிட்டி உறுப்பினராக நின்றார்.

"நான் இன்னாம்மா பண்ணுவேன்? நானேதான் மைக்குல சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மலர் கேட்டாள்: "வியாழக்கெழம தெருவே கால்ல வுழுந்துச்சே மாமா. அதே காலுதான மாமா இது?"

எனக்கு அண்ணனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. காப்பு என்று முதலில் சொன்னது அவர், கடைசியில் சொன்னது நான்.

காதர் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்க வூட்டாண்ட வைக்கலாம். எங்க தெருவுல இன்னா காப்பா கட்டிக்கீது? என் தோஸ்து ரோட்ல கெடக்க வாணாம்."

அவர் வீட்டு வாசலில் பாய் விரித்து வைத்தோம். அவர் மனைவி மலரை மடியில் சாய்த்துக்கொண்டாள். பெயர்கூடத் தெரியாத பெண்கள் எங்களுக்கு டீ கொண்டுவந்தார்கள். காத்திவாக்கத்திலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. வந்தால் தீட்டு, தீ மிதிக்க முடியாது. கோட்டீஸ்வரி மட்டும் வந்தாள். தெருமுனையில் நின்று, கிட்டே வராமல், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம். அப்பா காத்திவாக்கத்தில் கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்கிறார். இவனுக்கு லாரிச் சத்தம்.

ஜூலை 29, செவ்வாய்

மழை. நல்ல மழை. இந்த மழை போன வாரம் எங்கே போயிருந்தது?

நேற்றுக் காப்பு அவிழ்த்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு நாங்கள் வீட்டுக்குப் போகலாம். மலர், பவி, நான் மூவரும் காதர் பிடித்துக் கொடுத்த ஆட்டோவில். பந்தல் பிரிக்கிறார்கள். தெருவில் மறுபடியும் கருவாட்டு வாசனை. கூடத்தில் மஞ்சள் தண்ணீர்க் கறை, காய்ந்த வேப்பிலை. மலர் பெருக்க விடவில்லை. பிறகு அவளே பெருக்கினாள். அவன் செருப்பு வாசலில் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அவனை வெறுங்காலோடுதான் தூக்கிப் போனார்கள்.

ரசம் வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை. பள்ளியிலிருந்து போன், நாளைக்கு முட்டை வருகிறதாம்.

மலருக்கு என் மேல் உள்ள கோபம் தீராது. தீர வேண்டாம். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

விளக்கு வைத்தபின் பவியைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், போர்வை கழுத்து வரை. பாவம், இத்தனை நாள் அலைச்சல், அசந்துவிட்டாள் என்று விளக்கை அணைக்கப் போனேன். இமை ஆடியது.

"தூங்கலையாடி?"

"இல்ல அத்தை."

"அப்புறம் ஏன் கண்ண மூடினு கீற?"

"அப்பா வர்ற நேரம்."